மூன்றாம் பெஞ்சில் ஓர் ஆள் குறைகிறது

1

இந்தக் கதையைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டியிருக்காது.

எழுதச் சொன்னவர் ஆயர் நேசகுமார். எங்கள் திருத்தணி சபையின் ஆண்டு விழா மலருக்கு, 'ஆலயத்துக்கு ஒழுங்காக வருவதன் நன்மை' பற்றி இரண்டு பக்கம் வேண்டுமாம். "வாராவாரம் தொடர்கதையில கொலை பண்றீங்களே, ஒரு வாரம் ஊழியமும் பண்ணுங்க" என்றார். விஷயத்தையும் அவரே கொடுத்தார்: ஆடிக் கிருத்திகை ஞாயிறன்று தேவசுந்தரி செய்த காரியம். கூடவே ஒரு திருத்தம். "அன்பினால போனாங்கன்னு போட்டுடுங்க."

அன்பினால் போகவில்லை. அங்கேதான் எனக்கும் அவருக்கும் சண்டை.

2

தொடக்கம் ஒன்று: 'ஆராதனை என்பது ஆன்மாவின்' — நிறுத்திவிட்டேன். இதை எப்படி முடித்தாலும் கொட்டாவியில்தான் முடியும்.

தொடக்கம் இரண்டு: 'பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல்!' கைப்பழக்கம். அடித்துவிட்டேன். (அந்த முனகல் பிறகு வரும். அதை அடிக்க முடியாது.)

தொடக்கம் மூன்று, நிற்கிறது:

தேவசுந்தரிக்கு ஜெபரத்தினத்தைக் கண்டால் ஆகாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர்தான் சபைச் செயலாளர். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வருஷம் தேவசுந்தரியின் மகள் சுஜா, ஆட்டோ ஓட்டும் பூபாலனை மலைக்கோயிலில் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து சபையே படியில் நின்றபோது ஜெபரத்தினம் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார்: "பொண்ண மலைக்கு அனுப்பிட்டு இங்க வந்து இன்னா பாட்டு?" பாடகர் குழுவிலிருந்து தேவசுந்தரியின் பெயர் அன்றைக்கே போயிற்று.

வேறொருத்தியாக இருந்தால் வேறு சபை தேடியிருப்பாள். "நான் ஏன் போவணும்? என் மூஞ்சியப் பாத்துக்கினே அந்தாளு ஜெபம் பண்ணட்டும்" என்றாள் தேவசுந்தரி. அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறியதில்லை. எட்டரை மணிக்குப் பெண்கள் பக்கம், மூன்றாம் பெஞ்சு, நடைபாதை ஓரம். அந்தப் பக்கம், ஆண்கள் வரிசையின் மூன்றாம் பெஞ்சு ஓரத்தில் அவர். நடுவில் இரண்டு அடி சிவப்பு விரிப்பு.

எங்கள் சபையில் ஒரு முறை உண்டு. அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முன்னால் ஆயர் பீடத்திலிருந்து 'சமாதானம்' என்று வாழ்த்தி, கையைப் பிடித்துக் கொடுத்து அனுப்புவார். அது கைக்குக் கை மாறி, பெஞ்சு பெஞ்சாக வரும். பெஞ்சின் ஓரத்தில் இருப்பவர் விரிப்பைத் தாண்டி எதிர் ஓரத்துக்குக் கை நீட்ட வேண்டும். ஜெபரத்தினம் திரும்புவார். அந்த நேரம் பார்த்து தேவசுந்தரி பாட்டுப் புத்தகத்தைத் திறப்பாள். ஒன்பது வருஷமாக மூன்றாம் பெஞ்சில் சமாதானம் விரிப்பைத் தாண்டவில்லை.

(இவள் விசுவாசியா, வீம்புக்காரியா? இரண்டு பத்தி எழுதிப் பார்த்தேன். அவளிடமே கேட்டேன். "உன் எடம் அஞ்சாவது பெஞ்சு, ஜன்னலோரம். பதினோரு வருஷமா காலி. நீ என்னக் கேக்க வந்துட்ட" என்றாள். இரண்டு பத்தியையும் கிழித்தேன்.)

3

ஆடிக் கிருத்திகை. ஊர் முழுக்கக் காவடி, தெருவுக்கு நாலு ஒலிபெருக்கி. ஆலயத்தின் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். சமாதானம் வந்தது. தேவசுந்தரி வழக்கம்போல் புத்தகத்தைத் திறந்தாள். அப்புறம்தான் எதிரே பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

"எங்க அந்தாளு?" என்றாள் பக்கத்திலிருந்த ரஞ்சிதத்திடம்.

"ஓசூர்ல மகன் வூட்டுக்குப் போயிருப்பாரு. உனக்கு இன்னாக்கா திடீர் அக்கற?"

ஓசூருக்குப் போகவில்லை. தேவசுந்தரிக்குத் தெரியும். வெளியூர் போகிற வாரமென்றால், முந்தின ஞாயிறே பெரிய எழுத்து பைபிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். போகாத வாரமென்றால் அது பெஞ்சிலேயே கிடக்கும். இப்போது பழுப்பு உறையோடு அங்கேயே கிடந்தது. (இந்தத் தடயத்தை நான் யோசித்துப் பிடித்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். எதிரியை ஒன்பது வருஷம் உற்றுப் பார்த்தவளுக்கு மட்டுமே கிடைக்கிற தடயம் அது.)

அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் தலை திரும்பவில்லை. திருவிருந்துக்குக்கூட நிற்காமல் எழுந்து வெளியே நடந்தாள்.

4

ஸ்டேஷன் பக்கத்துச் சந்து. ஜெபரத்தினம் தனியாக இருக்கும் வீடு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. எதிரே ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. கதவில் காதை வைத்தாள்.

முனகல்.

போனை எடுத்தாள். "மாப்ள, ஆட்டோவ எடுத்துக்கினு ஸ்டேஷன் சந்துக்கு வா."

"அத்தே, இன்னைக்கு சவாரி விட்டா இனிமே எப்போ—"

"வான்னா வா!"

(கதவை உடைக்க அந்தப் பூபாலனே வருவது ரொம்ப வசதியாக இருக்கிறது, தெரியும். மாற்றிப் பார்த்தேன். ஆனால் திருவிழா நாளில் அவள் கூப்பிட்டால் வருகிற ஆட்டோ அது ஒன்றுதான்.)

இரண்டே இடியில் கதவு பெயர்ந்தது. குளியலறைத் தரையில் ஜெபரத்தினம் கிடந்தார். இடுப்பு உடைந்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் விழுந்தவர். கத்தியிருக்கிறார், பாட்டுச் சத்தத்தில் ஒருத்தர் காதிலும் விழவில்லை.

"யாரு... தேவசுந்தரியா?"

"வேற எவ வருவா? செத்து கித்துத் தொலைக்காத. உன்னக் கேக்க வேண்டியது எனக்கு இன்னும் இருக்குது."

பூபாலன் அவரைக் குழந்தையைப் போலத் தூக்கினான். "தம்பி... நீ யாரு?" என்றார் ஜெபரத்தினம்.

தேவசுந்தரி முந்திக்கொண்டாள். "மலைக்குப் போனாளே ஒருத்தி, அவ புருஷன்."

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காவடிக் கூட்டத்துக்குள் ஆட்டோ புகுந்தபோது, "சுஜா... நல்லா இருக்குதா?" என்றார்.

"என் பொண்ணு பேர நீ சொல்லாத."

5

'இப்படியாக அன்பு வென்றது' — இது ஆயர் பென்சிலால் எழுதிக் கொடுத்த முடிவு. இங்கே சேர்க்கும்படி கேட்டார்.

சேர்க்கமாட்டேன். அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, "கர்த்தர்தாம்மா உங்கள எழுப்பி அனுப்புனாரு" என்றபோது அவள் சொன்னதைச் சேர்க்கிறேன்:

"கர்த்தர் அனுப்புனாரோ இன்னாவோ, எழுப்புனது என் ஆத்திரம்ங்க. வாராவாரம் அந்தாளுக்குக் கை குடுத்தவங்க நூறு பேரு. ஒருத்தருக்குத் தெரியல. கை குடுக்காதவ நான், எனக்குத் தெரிஞ்சுது. அத எழுதச் சொல்லுங்க உங்க மலர்ல."

எழுதிவிட்டேன், ஆயரே. ஆலயத்துக்கு ஒழுங்காக வருவதன் நன்மை இதுதான்: நீங்கள் வராவிட்டால் அது யாரோ ஒருத்தர் கண்ணில் உறுத்த வேண்டும். அது அன்பாகத்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். உங்கள் சபையின் அன்பு அன்றைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடிக்கொண்டிருந்தது.

6

இன்று சனிக்கிழமை. நாளைக் காலை ஆராதனைக்கு முன்னால் கொடுக்க, மலர் இன்றே அச்சுக்குப் போக வேண்டும். எட்டு வாரத்துக்குப் பிறகு நாளைக்குத்தான் ஜெபரத்தினம் ஆலயத்துக்கு வருகிறார், நாலு கால் வாக்கரோடு. இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்க முடியும். சமாதானம் வரும்போது விரிப்பைத் தாண்டிக் கை நீட்ட வேண்டுமென்றால் ஒரு கையை விட்டாக வேண்டும்.

'அவர் கையை விட்டார். அவளும் கை நீட்டி' — அடித்தேன்.

'அவள் பாட்டுப் புத்தகத்தைத் திற' — இதையும் அடித்தேன்.

காலையில் தேவசுந்தரியிடம் நேரில் போய்க் கேட்டேன். "நாளைக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

"எனக்கே தெரியல" என்றாள். சொல்லும்போதும் கோபமாகத்தான் இருந்தாள். "அத வூட்ல உக்காந்துகினு எழுதப் பாக்கிறியா? எட்டரைக்கு வந்து பாரு."

அதே பதில்தான் உங்களுக்கும். முடிவு என்னிடம் இல்லை. என் பழைய இடம்: ஆண்கள் பக்கம், ஐந்தாம் பெஞ்சு, ஜன்னலோரம். அங்கிருந்து பார்த்தால் அந்த இரண்டு அடி விரிப்பு நன்றாகத் தெரியும். அந்த இடம் நாளைக்குக் காலியாக இருக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். வந்து பாருங்கள்.