இரண்டு லேகியம்

கனகாம்பாளுக்குத் தன் வீட்டைப் பற்றிப் பெருமை அதிகம். கண்ணைக் கட்டி விட்டாலும் உப்பு எங்கே, ஊசி எங்கே என்று அவள் கை தானாகப் போய் எடுக்கும். பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதி ரயில்வே லைன் வீடுகளில் அப்படிக் குடித்தனம் நடத்துகிறவள் தான் ஒருத்திதான் என்று அவளே சொல்லுவாள். யாரும் மறுத்ததில்லை. மறுத்துவிட்டு அவளிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

அப்பேர்ப்பட்ட வீட்டில் கஞ்சா இருந்தது. கூட்ஸ் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்ட அவள் புருஷன் நல்லையாவுக்காக, க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் இருந்த வைத்தியர் கருப்பையா கிண்டிக் கொடுத்த லேகியம். வெல்லமும் நெய்யுமாகக் கறுப்பாய் மினுமினுக்கும். பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். அதில் சுண்டைக்காய் அளவு உள்ளே போனால்தான் நல்லையாவுக்குக் கண் மூடும். பர்மாவில் கஞ்சா வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும். கனகாம்பாளுக்கு அது இரண்டாவது கவலைதான். முதல் கவலை, ஆறு வயது மகள் ரத்தினமும் அவள் காலையே சுற்றிவரும் செவலை நாயும். அதனால் லேகிய டப்பாவைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பரண்மேல் ஏற்றி, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மருந்து வேளைக்கு அவளே இறக்குவாள், அவளே எடுத்துக் கொடுப்பாள், கையைக் கழுவிய பிறகுதான் பிள்ளையைத் தொடுவாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் அடுத்த வரிசையில் போலீஸ் புகுந்து பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்துவிட்டுப் போனது. நல்லையா ராத்திரி முழுக்கப் பரணையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பூட்டிய பெட்டியைத்தானே முதலில் திறப்பான்? திறந்து கிடப்பதை எவன் சீந்துவான்? தீபாவளி விடியற்காலையில் கனகாம்பாள் சாவியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தான். கஞ்சா லேகியத்தை ஒரு பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றி, அடுப்படிப் பலகையில் அவள் கிண்டி வைத்திருந்த தீபாவளி லேகியத்துக்குப் பக்கத்திலேயே வைத்தான். யார் பார்த்தாலும் இரண்டும் தீபாவளி லேகியந்தான். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான். அந்த வீட்டில் அவனை வேறு யாரும் மெச்சியதில்லை, பாவம். சொன்னால் திரும்பப் பூட்டிவிடுவாள் என்று பெண்டாட்டியிடம் மூச்சு விடவில்லை.

எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுப் பாவாடையோடு வந்த ரத்தினத்திடம், முறுக்குச் சட்டியிலிருந்து தலையைத் திருப்பாமலே கனகாம்பாள் சொன்னாள்: "பலகையில லேகியம் இருக்கு பாரு. ஒரு உருண்ட வாயில போட்டுக்க. அப்புறந்தான் பலகாரம்."

"கசக்குதும்மா."

"லேகியம்னா அப்படித்தான் இருக்கும். முழுங்குடி."

ஒரு மணி நேரம் போயிருக்கும். செவலை வாசலில் கால் பின்னித் தள்ளாடியது. அதைப் பார்த்து ரத்தினம் சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. நின்றபோது பேச்சும் சேர்ந்து நின்றுவிட்டது; பிள்ளை சுவரோரம் சாய்ந்து கண் செருகிக் கிடந்தாள்.

கனகாம்பாள் நாயின் வாயை முகர்ந்தாள். பலகையில் இருந்த இரண்டு கிண்ணங்களையும் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவன் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கசக்குது என்ற பிள்ளையை விழுங்கச் சொன்னது தன் வாய்தான் என்பது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அழுவதற்கு அது நேரமில்லை. பிள்ளையை வாரிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினாள்.

வழியெல்லாம் நல்லையா கெஞ்சினான். "கனகு, கஞ்சான்னு மட்டும் சொல்லிடாத. ரயில்வேயில சீட்டக் கிழிச்சிருவான். வீடும் போயிரும். தெருவுலதான் நிக்கணும்."

அவள் பிள்ளையின் மூச்சையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தருமாஸ்பத்திரியில் கம்பவுண்டர் பர்னபாஸ் மட்டும்தான் இருந்தார். "என்ன சாப்பிட்டா?" என்று கேட்டார்.

நல்லையா முந்திக்கொண்டான். "பக்கத்து வீட்டு மா சேன் ஙப்பி மீன் விழுதப் போட்டுச் சோறு குடுத்திருக்காங்க. வயித்து வலியில துடிச்சுத் துவண்டுட்டா."

கனகாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தினத்தைத் தன் பிள்ளைபோல் தூக்கி வளர்த்த பர்மாக்காரி மா சேன். அதற்குள் பர்னபாஸ் அலமாரியிலிருந்து ஒரு பழுப்புச் சீசாவை எடுத்துக் கரண்டியில் சாய்த்துவிட்டார். அவள் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஐயா, வேணாம்! எம் புள்ள தின்னது கஞ்சா. இவரோட இடுப்பு வலி லேகியம். நெல்லிக்கா அளவு இருக்கும். ரெண்டு மணி நேரம் ஆச்சு."

பர்னபாஸின் கை அப்படியே நின்றது. கரண்டியில் இருந்ததைச் சீசாவிலேயே திரும்ப ஊற்றினார். "இது அபின் கலந்த மருந்தும்மா," என்றார் மெதுவாக. "அதுக்கு மேல இதையும் ஊத்தியிருந்தா புள்ள எந்திரிச்சிருக்கமாட்டா."

பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நாடியில் விரலை வைத்தபடி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கனகாம்பாள் மறுபக்கம் உட்கார்ந்தாள். அவள் ஜென்மத்தில் அப்படிப் பயந்ததில்லை. ஆனால் வாயைத் திறந்தது சரி என்பதில் மட்டும் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

உச்சிப்பொழுது தாண்டியபின் ரத்தினம் கண்ணைத் திறந்தாள். "அடிக்காதம்மா," என்றாள் முதல் வார்த்தையாக. "கசந்துச்சு. பாதியச் செவலைக்குக் குடுத்துட்டேன்."

கனகாம்பாள் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. செவலையும் மா சேன் வாசலில் தூங்கி எழுந்து சோறு கேட்கிறது என்று அதற்கு முன்பே சேதி வந்திருந்தது.

பர்னபாஸ் நோட்டைப் பிரித்தார். நல்லையாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இது போலீஸ் பாக்கிற நோட்டு. ஙப்பின்னே எழுதிடட்டுமா?"

கனகாம்பாள் வாயைத் திறக்குமுன் நல்லையா பேசினான். ஆறு வயதுப் பிள்ளை ஒளிக்காமல் சொன்னது அவனை உலுக்கிவிட்டிருந்தது.

"மா சேன் மேல தப்பில்ல, ஐயா. கஞ்சா லேகியம்னு எழுதுங்க. பூட்டி வச்சிருந்தத எடுத்துப் புள்ள கைக்கு எட்டற எடத்துல வச்சது அப்பன் நல்லையான்னு எழுதுங்க."

"வேலை போயிடும்யா."

"போகட்டும்."

"போலீஸ் வந்தா பெட்டிய நானே தெறந்து காட்டறேன்," என்றாள் கனகாம்பாள். "மருந்து இல்லாம இவரு எப்படித் தூங்கறதுன்னு அவங்கிட்டயே கேக்கறேன். புள்ள தெறக்கிற எடத்துல மட்டும் அது இனிமே இருக்காது."

பர்னபாஸ் எழுதி முடித்தார். நல்லையா பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, பிள்ளையைக் கட்டிலிலிருந்து தூக்கினான்.

"இடுப்பு வலிக்குங்க. எங்கிட்டக் குடுங்க," என்றாள் கனகாம்பாள்.

"வலிக்கட்டும்," என்று சொல்லி, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவன் படியிறங்கினான்.