கன்னத்தில் வைத்த பஞ்சு

“பஞ்சை எடுங்கோ” என்றாள் சாம்பவி.

பேதுரு கையில் சீப்போடு திரும்பினான். மலர்ச்சாலையில் பிரேதங்களைத் தயார்படுத்தும் பின்னறைக்குள் பெண்கள் வருவது வழக்கமில்லை. வந்தாலும் வாசலில் நின்று ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போவார்கள். இவள் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே மேசையடிக்கு வந்துவிட்டாள். அழவுமில்லை, தோளில் கிடந்த கைப்பையை இறக்கவுமில்லை.

“எந்தப் பஞ்சு மிஸ்?”

“கன்னத்துக்குள்ள அடைஞ்சு வைச்சிருக்கிறியளே, அதைத்தான்.”

மேசையில் கிடந்தது அவளுடைய புருஷன் உமாசுதன். வெள்ளிக்கிழமை விடியற்காலை வெள்ளவத்தை மரைன் டிரைவில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தவன். நாற்பத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் அவள்தான் அடையாளம் காட்டினாள். அன்றைக்கு அந்த முகம் ஒடுங்கி, தாடையெலும்பு தெரியக் கிடந்தது. இங்கே கிடந்தவனுக்குக் கன்னங்கள் இரண்டும் பேக்கரிப் பணிஸ் போல உப்பியிருந்தன. இது போன வருஷத்து உமாசுதன். நூற்றெட்டுக் கிலோ உமாசுதன்.

“பெரிய மிஸ்தானே சொன்னாங்க” என்று பேதுரு தன் போனை எடுத்து நீட்டினான். “இந்தப் போட்டோவ அனுப்பி, மொகம் இந்த மாதிரி வரணும்னு சொன்னாங்க. நேத்து இதுக்கே ரெண்டு மணித்தியாலம் மெனக்கெட்டேன்.”

சாம்பவி படத்தைப் பார்த்தாள். வேறு படமே கிடைக்கவில்லையா அந்த மனுஷிக்கு! உமாசுதனின் அக்கா சிவமணிதான் அந்தப் பெரிய மிஸ். அவளுடைய மகள் சாருஜாவின் கலியாணத்தில் எடுத்த படம் அது. நடுவில் கோட் போட்டு உமாசுதன் நின்றான். அவனுக்குப் பின்னால் ஓரத்தில் ஒரு பாதித் தோள் மட்டும் அகப்பட்டிருந்தது. அந்தத் தோள் சாம்பவியுடையது.

இப்போது ஆறே கால். எட்டு மணிக்குச் சனம் வரத் தொடங்கும். பதினொன்றுக்குக் கனத்தை மயானத்துக்கு எடுத்துவிடுவார்கள். அதற்குள் அந்த முகத்தை அவள் மீட்டாக வேண்டும். புருஷன் போய்விட்டான், அதற்கு இனி ஒன்றும் செய்ய இயலாது. ஆனால் இந்த ஊதின முகத்தோடு அவனை எரிக்க விடமாட்டாள்.

அதைக் கரைக்க அவன் பட்ட பாடு கொஞ்சமா? முதல் நாள் இரண்டு விளக்குக் கம்பத் தூரம் ஓடிவிட்டு, கடற்கரைக் கல்லில் குந்தியிருந்து ஓங்காளித்துச் சத்தி எடுத்தவன். பதினொரு மாதம். மழையிலும் நாலே முக்காலுக்கு எழும்பிப் போனான். சோற்றை விட்டான், சீனியை விட்டான். கீழ்மாடியில் இடியப்பம் அவித்து விற்கிற மயிலம்மா, “இருபத்தைஞ்சு எடுக்கிற மனுசன் இப்ப ஆறு கேக்குது, என்ர இடியப்பத்தில என்ன பிழை?” என்று லிஃப்டுக்குள் வைத்துச் சண்டைக்கே வந்துவிட்டாள். மற்றச் சனம் அதைவிட மோசம். கண்ட இடத்தில் மறித்து, “என்ன, ஏதும் வருத்தமே?” “சுகர் முத்திட்டுதோ?” “மனுசி சமைச்சுத் தாறேல்லையோ?” என்று கேட்டார்கள். நல்லாய் இருக்கிறாய் என்று சொல்ல இந்தக் கொழும்பில் ஒரு நாய்க்கும் வாய் வரவில்லை.

அவளுக்கும் வரவில்லை. கந்தோர் வேலைக்கு வெளிக்கிட்டு வந்து வாசலில் நின்று, சட்டைக் கழுத்துக்குள் விரலை விட்டுக் காட்டுவான். “இஞ்ச பாரும், ரெண்டு விரல் போகுது.” அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “நேரம் போகுது, ரெயினைத் தவற விடப்போறியள்” என்பாள். என்ன குறைந்துபோயிருக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்?

அவன் பேர் கொடுத்திருந்த ஓட்டப்போட்டி இன்றைக்குத்தான். பத்துக் கிலோமீற்றர், காலை ஆறு மணிக்குத் தொடக்கம். இந்நேரம் ஆயிரக்கணக்கான பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். வியாழக்கிழமை போய்த் தன் இலக்கத் தாளை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். 2417. “ஒரு மணித்தியாலம் பத்து நிமிசத்தில முடிச்சால் எனக்குக் காணும்” என்றான். அந்தத் தாளை அதனோடு வந்த பிளாஸ்ரிக் உறையோடேயே சாம்பவி காலையில் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

கதவு திறந்தது. சிவமணி கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. குரலில் மட்டும் ஒரு குறையுமில்லை.

“நீ இஞ்ச என்ன செய்யிறாய்? இது ஆம்பிளையளின்ர இடம்.”

“நீங்கள் வந்திருக்கிறியள்தானே மச்சாள்.”

“நான் கூடப்பிறந்தவள்.”

“நான் கட்டினவள்.”

பேதுரு சீப்பை வைத்துவிட்டு, காலுறையை எடுத்துக்கொண்டு மேசையின் கால்மாட்டுக்கு நகர்ந்தான். இப்படி எத்தனை பார்த்தவன்.

“ஏன் வாய்க்குள்ள பஞ்சு அடையச் சொன்னனீங்கள்?”

“பின்னை? கனடா, லண்டன் எண்டு சொந்தம் முழுக்க வீடியோவில பாக்கப்போகுது. எலும்பும் தோலுமாய்க் கிடந்தால் சனம் என்ன சொல்லும்? பெண்சாதி பட்டினி போட்டுச் சாக்கொண்டிட்டாள் எண்டு சொல்லும். உன்ர மானத்தையும் சேர்த்துத்தான் காப்பாத்துறன்.”

“என்ர மானத்தை நான் பாத்துக்கொள்ளுவன்.”

“ஓமோம், நல்லாப் பாத்தனி.”

சாருஜாவின் கலியாணத்துக்குத் தைத்த அதே கோட்டைத்தான் சிவமணி கொண்டு வந்திருந்தாள். பேதுரு உடம்பை ஒரு பக்கம் தூக்கி, மறுபக்கம் தூக்கி, போட்டுவிட்டான். இரண்டு பக்கமும் துணி வழிந்து மேசையில் கிடந்தது. இருபத்தேழு கிலோ இல்லாத இடம் முழுக்க வெறும் துணி.

“பின்னால மடிச்சுக் குத்தினா முன்னால ஒண்ணும் தெரியாது. சேஃப்டி பின் இருக்கா மிஸ்? நாலு இருந்தாப் போதும்.”

சிவமணி கைப்பையைக் கிண்டினாள். இல்லை. சாம்பவியிடம் சரியாக நாலு இருந்தது. இலக்கத் தாளை நெஞ்சில் குத்துவதற்கென்று உறைக்குள் போட்டுக் கொடுத்தது. அவள் கைப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டே பேதுரு கேட்டான். “ஐயா ஓடுறவரா மிஸ்?”

“ஏன் கேக்கிறியள்?”

“காலப் பாத்தேன். இந்த வயசில இப்பிடிக் கெண்டைக்கால் இந்த மேசையில பாத்ததில்ல. கல்லு மாதிரி.”

“ஓடித்தானே இஞ்ச வந்து கிடக்கிறான்!” சிவமணி வெடித்தாள். “நாப்பத்தாறு வயசில பொடியளோட ஓடப்போறன் எண்டு நிண்டேக்க மறிச்சனியே நீ? என்ர தம்பியை நாய் மாதிரி ரோட்டில விழுந்து சாக விட்டனி!”

“ஓடினதால சாகேல்லை மச்சாள். பட்டினியில ஓடிச் செத்தவர். அஞ்சு நாளாய் ஒரு நேரம் பாலும் பழமும். ஆறாம் நாள், சூரன்போர் அண்டைக்கு, அதுவும் இல்லை. ஆனால் சுகர் குளிசையை மட்டும் தவறாமல் போட்டவர். சுகர் இறங்கித்தான் விழுந்தவர் எண்டு டொக்டர் உங்களுக்கு முன்னாலதானே சொன்னவர்? கந்தசஷ்டி விரதம் பிடிக்கச் சொன்னது ஆர்?”

சிவமணி குனிந்து கோட்டின் கையை இழுத்துவிட்டாள்.

“நான் வேண்டாம் எண்டனான். அவரும் ஓம் எண்டவர். விரதம் தொடங்க முதல் நாள் பின்னேரம் நீங்கள் ஹெந்தளையில இருந்து போன் எடுத்தனீங்கள். ஸ்பீக்கரில போட்டுத்தான் கதைச்சவர், நான் பக்கத்தில நிண்டனான். அம்மா இருக்கேக்க இருந்து நாங்கள் ரெண்டுபேரும் பிடிக்கிற விரதம், விட்டிடாத எண்டனீங்கள். அதுக்கும் அவர் அசையேல்லை. கடைசியா என்ன சொன்னனீங்கள்? பிடிச்சியெண்டால் இன்னும் ரெண்டு கிலோ இறங்கும் எண்டு. சொன்னனீங்களோ, இல்லையோ?”

சொன்னதுதான். அந்த இரண்டு கிலோதான் அவனை விழுத்தியது. முருகனுக்காகவும் இல்லை, செத்துப்போன அம்மாவுக்காகவும் இல்லை. எண்பத்தொன்றை எழுபத்தொன்பதாக்கி, அந்த உடம்போடு போய் ஓட்டத்தில் நிற்கலாம் என்று ஆசைப்பட்டான், பாவி.

“நானும் அண்டைக்குப் பச்சைத்தண்ணி பல்லில படாமல்தான் இருந்தனான்” என்றாள் சிவமணி. குரல் இறங்கியிருந்தது. “விடிஞ்சால் விரதம் முடிக்கிற பாறணைக்கு வருவான் எண்டு அவனுக்கெண்டு மரக்கறியெல்லாம் வாங்கி வைச்சனான். அது அப்பிடியே கிடக்கு.”

பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆனால் எல்லாத்தையும் என்ர தலையில கட்டாத. அவன் ஏன் ஓடத் தொடங்கினவன் எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியே? இந்தப் படம் எடுக்கேக்க எல்லாருக்கும் முன்னால நீ சொன்னனி. ‘உங்களுக்குப் பக்கத்தில நிண்டால் எனக்குப் படத்தில இடமில்லை’ எண்டு. எல்லாரும் சிரிச்சவை. அவனும் சிரிச்சவன். பிறகு மண்டபத்துக்குப் பின்னால, வாழையிலை குவிச்சுக் கிடந்த இடத்தில போய் நிண்டு, என்னட்டச் சொல்லி அழுதவன். அடுத்த கிழமை ஓடுற சப்பாத்து வாங்கினவன்.”

சாம்பவி உமாசுதனின் முகத்தைப் பார்த்தாள். டொக்டர் ஓடச் சொன்னவர் என்றல்லவா அவளுக்குச் சொன்னான்? பதினொரு மாதமும் அதையேதானே சொன்னான்? கேட்டிருக்கலாமே. ‘ஏன் அப்பிடிச் சொன்னனீர்’ என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், முகத்துக்கு நேரே சண்டை பிடித்திருக்கலாமே. அவள் அப்போதே மன்னிப்புக் கேட்டிருப்பாள். இல்லை, கேட்டிருக்கமாட்டாள். பகிடியும் விளங்காத மனுஷன் என்று இன்னொரு பகிடி விட்டிருப்பாள். தன்னை அவளுக்குத் தெரியும். அவளுக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு, அவனைப் பிடித்து உலுக்கி எழுப்ப வேண்டும் போல் இருந்தது.

பேதுரு காலுறைகளை இழுத்து முடித்துவிட்டு மேசையின் தலைமாட்டுக்கு வந்தான்.

“டைம் போகுது மிஸ்” என்றான் பேதுரு, பொதுவாக இருவரையும் பார்த்து. “பஞ்சு என்ன செய்ய?”

“எடுங்கோ” என்றாள் சாம்பவி.

சிவமணி மறிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பேதுரு சிறிய இடுக்கியால் ஒவ்வொன்றாக இழுத்து எடுத்துத் தட்டில் போட்டான். ஒரு வாய்க்குள் இவ்வளவு பஞ்சா என்று இருந்தது. இடது கன்னம் முதலில் இறங்கியது. பிறகு வலது. தாடையெலும்பு மேலே வந்தது. பேதுரு உதடுகளைச் சேர்த்து அழுத்திவிட்டுத் தள்ளி நின்றான்.

சிவமணி திரும்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். “அப்பான்ர தாடை” என்றாள், யாருக்கும் சொல்லாமல்.

“பின் தேடிக் கொண்டாந்து கோட்டைக் குத்தவா?” என்றான் பேதுரு.

“வேண்டாம்” என்றாள் சாம்பவி. “பெரிசாவே கிடக்கட்டும். பாக்கிற சனத்துக்குத் தெரியட்டும்.”

கைப்பையைத் திறந்து உறையை எடுத்தாள். கோட்டை விலக்கி, வெள்ளைச் சட்டையின்மேல் இலக்கத் தாளை வைத்து, ஒரு மூலையைக் குத்தினாள். 

“அது என்னது?” என்றாள் சிவமணி.

“இண்டைக்கு ஓட்டம்.”

சிவமணி கிட்ட வந்து பார்த்தாள். பெரிய எழுத்தில் 2417. அதன் கீழே சின்னதாக அவன் பெயர். சாம்பவி மற்ற மூலைகளையும் குத்தி முடித்தாள். கோட்டை மூடப்போன கையைச் சிவமணி தட்டிவிட்டாள்.

“சரிவாக் கிடக்கு. கண் தெரியேல்லையே உனக்கு? ஒழுங்காக் குத்து.”

சாம்பவி இரண்டு ஊசிகளைக் கழற்றித் திரும்பக் குத்தினாள். பேதுரு கோட்டை மூடிப் பொத்தான் போட்டான். வெளியே எதுவும் தெரியவில்லை.

எட்டு மணிக்கு மண்டபத்தில் இருவரும் பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக, முன்பின் அறியாதவர்கள் போல இருந்தார்கள். தேவாரம் இன்னும் தொடங்கவில்லை. முதல் ஆளாக வந்தது மயிலம்மாதான், கையில் கண் துடைத்துக் கசங்கிய லேஞ்சியோடு. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒப்பாரிக்குத் தயாராகத் திறந்த வாய் அப்படியே நின்றது.

“எடியே பிள்ளை” என்றாள் சாம்பவியிடம். “எவ்வளவு வடிவா மெலிஞ்சிருக்கிறான்! மாப்பிள்ளைப் பொடியன் மாதிரி. நான் கண்ணெடுத்துப் பாக்கேல்லையே. இடியப்பத்துக்கெல்லோ அவனோட சண்டை பிடிச்சனான்.”

எதிர்ப்பக்கக் கதிரையில் சிவமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

சாம்பவி எழுந்தாள். சட்டைக் கழுத்தைச் சரிசெய்யப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். துணிக்கும் கழுத்துக்கும் இடையில் மெல்ல விரலை விட்டுப் பார்த்தாள். இரண்டு விரல் போனது. மூன்றாவதையும் விட்டாள். அதுவும் போனது.