ஆறாத பச்சை வில்லைகள்

சீட்டாட்டத்துக்குச் செய்த பாண்டியனின் பச்சை வில்லைகள் சூளையைவிட்டு வெளியே வந்து மூன்று பொங்கல் போன பிறகும் ஆறவில்லை. அதே சூளையில் அதே தட்டில் வெந்த சிவப்பும் நீலமும் வெள்ளையும் மறுநாளே கையில் எடுக்கிற பதத்துக்கு வந்துவிட்டன. பச்சை மட்டும் அன்றைய சூட்டோடு அப்படியே இருந்தது. விருத்தாசலத்தில் பீங்கானோடு புழங்காத தெரு குறைவு என்பதால் இதைக் கேட்டு யாரும் வாயைப் பிளக்கவில்லை. சூளை பிரிக்கும்போது பாண்டியன் எங்கே இருந்தான் என்று மட்டும் விசாரித்தார்கள். ரயிலில் இருந்தான் என்றதும், பின்னே எப்படி ஆறும் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

இந்த ஊர் சூளைகளில் ஒரு வழக்கம் உண்டு. அடுக்கியவன்தான் பிரிக்க வேண்டும். காய்ச்சலில் கிடந்தாலும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுவந்து முதல் பாண்டத்தை அவன் கையால் எடுக்க வைத்த பிறகுதான் மற்றவர்கள் உள்ளே கைவிடுவார்கள். பாண்டியன் நடராசனின் சூளையில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்புச் சாப்பாடு முடிந்ததும் பாண்டியன், அவன் மனைவி அம்சவல்லி, நடராசன், நடராசனின் மனைவி திரௌபதி என்று நாலு பேரும் பாண்டியன் வீட்டுக் கூடத்தில் சீட்டுக்கு உட்காருவார்கள். ரம்மி அலுத்துப்போய், செல்போனைப் பார்த்து போக்கர் கற்றுக்கொண்டு வந்தவன் பாண்டியன்தான். தோற்றவர் பாத்திரம் தேய்க்க வேண்டும், அதுதான் பந்தயம். கணக்குக்குப் புளியங்கொட்டை வைத்து ஆடினார்கள். ஜெயித்து எடுத்துவைத்த கொட்டையை வண்டு துளைத்துவிடுகிறது, போன வாரத்து ராணி இந்த வாரம் ஓட்டாண்டி ஆகிறேன் என்று திரௌபதி சண்டைக்கு நின்றதில்தான், பீங்கானிலேயே வில்லை செய்துகொள்வது என்று முடிவானது.

சூளையில் கரண்டு பீஸ் கட்டை அழுத்தும் மெஷினுக்கு வட்டமாக ஒரு அச்சு கடைந்து வாங்கினார்கள். வெந்தால் மண் சுருங்கும் என்பதால் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்தார்கள். நிறம் என்பது மதிப்பைக் காட்டத்தான், எல்லாரிடமும் எல்லா நிறமும் இருக்க வேண்டும் என்று பாண்டியன் விளக்கினான். திரௌபதி ஒத்துக்கொள்ளவில்லை. “அதெல்லாம் வேணாம். ஆளுக்கு ஒரு கலரு. எங்கிட்ட வந்து சேந்தது யாருதுன்னு பாத்தவொடனே தெரியணும்.” உலகத்தில் எங்கும் இல்லாத அந்தச் சட்டமே இங்கே நிலைத்தது. நடராசனுக்கு நீலம், திரௌபதிக்கு வெள்ளை, அம்சவல்லிக்குச் சிவப்பு, பாண்டியனுக்குப் பச்சை. எல்லாவற்றையும் பாண்டியனே நிற மெருகுக் குழம்பில் முக்கி, தட்டில் அடுக்கி, சூளைக்குள் வைத்தான். நெருப்பு ஏறிய அன்றைக்கே குஜராத் பக்கம் மோர்பியிலிருந்து போன் வந்தது. டைல்ஸ் கம்பெனியில் சூளை மேஸ்திரி வேலை, உடனே கிளம்பி வா என்றார்கள். டிக்கெட்டுக்கு அலைந்த அவசரத்தில் நடராசனுக்கே வழக்கம் மறந்துவிட்டது. சூளையைப் பிரித்து, உடையவன் பக்கத்தில் இல்லாத பச்சை வில்லையைத் தொட்ட திரௌபதியின் விரல் கொப்பளித்த பிறகுதான் நினைவு வந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

வில்லைகளை எதில் வைப்பது என்பது பெரும்பாடாகிவிட்டது. ஆன்லைனில் வரவழைத்த அலுமினியப் பெட்டியின் நுரைப்பஞ்சு மெத்தை அன்றே உருகி ஒட்டிக்கொண்டது. தீபாவளிப் பலகார டப்பாவில் வைத்தால் அலமாரிக் காகிதம் கருகியது. கடைசியில் நடராசன், சூளைக்குள் பாண்டங்களை வைத்து வேகவிடும் கனத்த மண்பெட்டி ஒன்றை மூடியோடு கொடுத்தார். அது தாங்கியது. அம்சவல்லி அதை அடுப்படி மூலையில் வைத்தாள். ஐப்பசி மழையில் துணி காயவைக்கவும், மார்கழியில் இட்லி மாவு பொங்கவும் தெருவே அந்தப் பெட்டியிடம் வந்தது. சாயங்காலம் ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும் அம்சவல்லி பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் வருகிறேன் என்று பாண்டியன் போனில் சொல்வான், பிறகு அங்கே சூளை அணைவதே இல்லை, விடமாட்டேன் என்கிறார்கள் என்பான். அவளுக்கு அழுகையாக வரும். ஆனால் பெட்டி சுடுகிறவரை பயமில்லை. அவன் பிரிக்காத சூளை ஒன்று இங்கே பாக்கி இருக்கிறது, அதை முடிக்க அவன் வந்தே ஆகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. பாண்டியன் இடத்துக்கும் சீட்டுப் போட்டார்கள். அவன் சீட்டை அம்சவல்லியே ஆடி, பச்சையைக் கரண்டியால் தள்ளினாள். தன் சிவப்பை அவனிடம் தோற்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. திரௌபதி அதைக் கண்டும் காணாதவள் போல இருந்தாள்.

இந்த வருஷம் மாசி மகத்துக்கு அவன் வந்தான். ஆள் இளைத்திருந்தான். நேராக அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்து வெறுங்கையால் ஒரு வில்லையை எடுத்தான், சுடவில்லை. காபி குடித்து முடிப்பதற்குள் மொத்தப் பச்சையும் ஆறிவிட்டது. மாவுப் பாத்திரத்தோடு வந்த பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு திரும்பினார்கள். அந்த ஞாயிறு அவன் தன் கையாலேயே ஆடித் தோற்று, சிரித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தான். அம்சவல்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் பெட்டியைத் தொட்டுப்பார்த்தாள், வெறும் மண்ணாகச் சில்லென்றிருந்தது. இவனுக்கு இங்கே பாக்கி என்று இனி என்ன இருக்கிறது என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லாமல் நடராசனின் சூளைக் கொட்டகைக்குப் போய் அந்தப் பழைய அச்சில் ஒரே ஒரு வில்லை அழுத்தி, நிழலில் காயவைத்து, பச்சை மெருகு முக்கிவைத்தாள்.

ரயிலுக்குப் புறப்படும் அன்று அவனைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் அதைக் கையில் கொடுத்தாள்.

“இதையும் அடுக்கிட்டுப் போங்க.”

“பிரிக்கிறப்ப நான் இருக்க மாட்டனே, அம்சா.”

“தெரியும்ங்க. அதுக்குத்தான்.”

அவன் குனிந்து, சூளையின் நடுத்தட்டில், நெருப்பு நன்றாகப் பிடிக்கிற இடமாகப் பார்த்து வைத்தான்.

நடராசன் இந்த முறை இடுக்கியோடுதான் சூளையைப் பிரித்தார். அந்த ஒரு வில்லையைப் பெட்டியில் போட்டதும் பொழுது சாய்வதற்குள் மற்ற பச்சைகளும் சூடேறிவிட்டன. மாவுப் பாத்திரங்கள் திரும்பி வந்தன. ஞாயிற்றுக்கிழமை நாலு பேருக்கும் சீட்டுப் போட்டார்கள். அம்சவல்லி தன் சிவப்பு முழுவதையும் நடுவில் தள்ளிவிட்டு, அதற்கு எதிராகப் பச்சையைக் கரண்டியால் எடுத்து வைத்தாள். அன்றைக்கும் பாண்டியன்தான் ஜெயித்தான். பாத்திரத்தை அவள் தேய்த்தாள்.