ஹெல்மார் சங்கத்தின் கடைசி உறுப்பினர்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஜெயகரன் வாரத்தில் ஆறு நாள் ஃபினிஷிங் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைவர். 'ஹெல்மார் கேமரா உபயோகிப்போர் சங்கம், வேலூர் மாவட்டக் கிளை' என்பது சங்கத்தின் பெயர். தலைமைக் கிளை எங்கே என்று யாரும் கேட்டதில்லை. ஒரு வாட்ஸ்அப் குழு, பாலாற்று மணலில் ஒரு நடை, நடை முடிந்ததும் பிரியாணி. சங்கம் என்றால் அவ்வளவுதான்.

ஹெல்மார் கம்பெனி தன் ஒன்பதாம் மாடலை அறிவித்த அன்றைக்கே தலைவர் தன் பழைய கேமராவை விற்றுவிட்டார். புதுசு வந்தால் பழசை எவன் வாங்குவான்? முன்னாலேயே விற்பவன் புத்திசாலி. கேமரா தீபாவளிக்கு வரும் என்றார்கள். பிறகு கிறிஸ்துமஸ் என்றார்கள். பிறகு தேதி சொல்வதையே விட்டுவிட்டு, 'வாடிக்கையாளர்களின் பொறுமையே எங்கள் பலம்' என்று எழுதினார்கள். ஜெயகரன் அதைத் தமிழாக்கி, அடியில் தன் பெயரையும் பதவியையும் போட்டுக் குழுவில் அனுப்பினார்.

கேமராதான் வரவில்லையே தவிர உறை வந்துவிட்டது. தோல் விஷயத்தில் ஆம்பூர்க்காரர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். ஷூ தைக்கக் கால் வேண்டியதில்லை, கால் வடிவத்தில் ஒரு அச்சுக்கட்டை இருந்தால் போதும். அந்தத் தொழில்புத்தியில், ஹெல்மார் கம்பெனி வெளியிட்ட அளவுகளை வைத்துக் கேமரா வடிவத்தில் ஒரு மரக்கட்டை செதுக்கச் சொல்லி, அதன்மேல் முதல் தரத் தோலில் உறை தைக்க வைத்தார். கட்டையை எடுத்தால் தோல் சுருங்கிவிடும் என்பதால் கட்டையோடு சேர்த்தே கழுத்தில் மாட்டிக்கொண்டார். அந்தக் கோலத்தில் மற்றவர்களுக்கு ஒளியைப் பற்றி வகுப்பும் எடுத்தார்.

வேலூர்க் கடையில் போட்டிக் கேமராவான நிஷோரா கம்பெனிக்காரன் பழசுக்குப் புதுசு கொடுத்தான், லென்ஸைச் சும்மா கொடுத்தான், தோள்பை வேறு கொடுத்தான். சங்கத்திலிருந்து முதலில் பல் டாக்டர் போனார். பிறகு பள்ளிக்கூட வாத்தியார்கள் சேர்ந்தாற்போலப் போனார்கள். ஒவ்வொருவர் போனபோதும், 'கொள்கை மாறியவர் விடுவிக்கப்படுகிறார்' என்று ஒரு வரி எழுதிக் குழுவிலிருந்து நீக்கினார் தலைவர். நீக்கப்பட்டவர்கள் இன்னொரு குழு தொடங்கி அங்கே சந்தோஷமாக இருந்தார்கள். கடைசியில் மிஞ்சியது அப்துல் ஹமீத் ஒருவர்தான். அதே கம்பெனியில் தோல் கொள்முதல் பார்ப்பவர்.

ஹமீதும் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையே இல்லை. ஜெயகரனின் மனைவி பொன்மலர் மகளின் பிரசவத்துக்கு என்று கனடா போனார். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், பாட்டி இன்னும் திரும்பவில்லை. சர்ச்சில் முதல் ஆராதனை முடிந்து ஜெயகரன் வீட்டுக்கு வந்ததும் வாசலில் ஹமீதின் ஸ்கூட்டர் ஹாரன் அடிக்கும். மற்றபடி அந்த வீட்டில் குக்கர்தான் சத்தம் போடும்.

அன்றைக்கு இருவரும் பள்ளிகொண்டா போயிருந்தார்கள். ரங்கநாதர் கோயில் வாசலில், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையோடு ஒரு குடும்பம் நின்றது. கழுத்தில் தொங்கிய உறையைப் பார்த்ததும் குழந்தையின் அப்பா ஓடி வந்தார்.

"சார், கலவைலேர்ந்து வர்றோம். போன் ரெண்டும் சார்ஜ் பூட்ச்சி. புள்ளைய ஒரு போட்டோ புடிச்சி அனுப்புறீங்களா?"

"வெளிச்சம் சரியில்லையே," என்றார் தலைவர்.

நல்ல காலை வெயில். அந்த ஆள் வானத்தைப் பார்த்தார்.

"அப்புறம், பேட்டரியும் கம்மியா இருக்கு."

"ஒண்ணே ஒண்ணு சார்."

குழந்தை எதற்கோ சிரித்தது. ஹமீத் குழந்தையைப் பார்த்தார், ஜெயகரனைப் பார்த்தார். "அட போப்பா," என்று முனகியபடி பைக்குள் கைவிட்டு, துண்டில் சுற்றியிருந்த ஒன்றை வெளியே எடுத்தார். புத்தம்புது நிஷோரா. குடும்பத்தை நிற்க வைத்து, குழந்தையின் அம்மாவைச் சிரிக்க வைத்து, நாலு படம் எடுத்து, அந்த ஆளின் நம்பரையும் வாங்கிக்கொண்டார். அவர்கள் போகும்வரை ஜெயகரன் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வாங்கின?"

"ரம்ஜானுக்கு முன்னாடி."

"ரம்ஜானுக்கு முன்னாடியா! இத்தனை நாள் துண்டுல சுத்தி வெச்சிக்கினு என் பின்னாடியே வந்தியா?"

"இன்னா பண்ணச் சொல்ற? பழசு ரிப்பேராயிடுச்சி. சொன்னா பேஜார் பண்ணுவ. ஒரு வரி எழுதித் தூக்கிடுவ."

"சங்கம்னா விதி இருக்கு, ஹமீது."

"சங்கமா? நீயும் நானும்தாம்பா இருக்கோம். அதுல உன் கழுத்துல கட்டை. அப்ப கேமரா வெச்சிருக்கறவன் நான் ஒருத்தன்தான். நியாயமா பாத்தா நான்தான் தலைவர்."

வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் சிரித்திருப்பார். தலைவர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஊர் திரும்பி ஸ்கூட்டரிலிருந்து வீட்டு வாசலில் இறங்கும்போது ஜெயகரன், "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றார்.

"சரி தலைவரே, தூக்கிடு," என்றார் ஹமீத். குரலில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது.

ஜெயகரன் தூக்கிவிட்டார். அந்த ஒரு வரியையும் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் அதைப் படிக்கக் குழுவில் யாருமே இல்லை என்பது உறைத்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தார். தெருவில் போகிற ஒவ்வொரு ஸ்கூட்டருக்கும் முதுகு தானாக நிமிர்ந்தது. அது எதிர்வீட்டுக்காரன், அது கேஸ்காரன், அது யாரோ வழி தெரியாதவன். கம்பெனியிலும் ஹமீத் வணக்கம் சொன்னார், சரக்கைப் பற்றிப் பேசினார், போனார். மேனேஜரிடம் பேசுகிற பேச்சு. நீக்கப்பட்டவர்களின் குழுவில் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டார். இப்படியே சில வாரம் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்மலர் போனில் கேட்டார். "இன்னிக்கு ஹமீதண்ணன் வரலையா?"

"அவருக்கு வேலை ஜாஸ்தி."

"நீங்க சாப்டீங்களா?"

"பிரியாணி," என்றார் ஜெயகரன். தட்டில் பிரெட் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஹெல்மார் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. ஹெல்மார் ஒன்பது மீண்டும் தள்ளிப்போகிறது. வாடிக்கையாளர்களின் அன்புக்கு நன்றி. பழக்கதோஷத்தில் பாதி வரை தமிழாக்கிவிட்டார். 'அன்பார்ந்த உறுப்பினர்களே' என்ற இடம் வந்ததும் விரல் நின்றது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஹமீதைக் கூப்பிட்டார்.

"இன்னாப்பா, தள்ளிப் போச்சா?" என்றார் ஹமீத், எடுத்ததும்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வேற எதுக்கு எனக்கு போன் பண்ணப் போற?"

ஜெயகரன் தொண்டையைக் கனைத்தார். தலைவர் உரைக்கு முன்னால் வழக்கமாக வரும் கனைப்பு. ஆனால் அதன்பின்னால் உரை எதுவும் வரவில்லை.

"நாளைக்கு எங்க போறீங்க?"

"ஏலகிரி. டாக்டர் கார்ல போறோம்." என்றார் ஹமீத். "கார்ல எடம் இல்லப்பா. வாத்தியாருங்க எல்லாம் வர்றாங்க. நீ வருவன்னு தெரிஞ்சிருந்தா..."

"சேச்சே, பரவால்ல. எனக்கும் நாளைக்கு வேலை இருக்கு."

"சரிப்பா."

"ஹமீது."

"சொல்லு."

"நான் பஸ்ல வந்துர்றேனே."

அந்தப் பக்கம் மிக்ஸி ஒன்று ஓடி நின்றது.

"ரெண்டு பஸ் மாறணும்ப்பா."

"மாறிக்கிறேன்."

"அவங்க கிண்டல் பண்ணுவாங்க. டாக்டரு விடவே மாட்டாரு."

"பண்ணட்டும்."

"மேல குளிரு ஜாஸ்தி," என்றார் ஹமீத். "ஸ்வெட்டர் எடுத்துக்கினு வா."