நாற்காலி அவருடையது

இடைவேளையில் தலைவர் பேசுவது எங்கள் பக்கத்து நாடகங்களில் மாறாத சம்பிரதாயம். கதாநாயகி பாதி அழுதுகொண்டிருந்தாலும் சரி, திரையை இறக்கிவிட்டு அவருக்கு மாலை போட்டாக வேண்டும். அந்தச் சம்பிரதாயத்தின் மேல் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

1969இல் கிழக்குத் தாம்பரத்தில் லோகநாதன் தன் வயலை மனை போட்டு விற்றார். நடுவில் ஒரு திடலைக் காட்டி, "இது பொது இடம்" என்று ஆசை காட்டித்தான் எங்கள் தலையில் மனைகளைக் கட்டினார். எல்லாம் விற்றதும் திடலையும் விற்கக் கிளம்பினார். மனுக் கொடுத்தோம், சிரித்தார். நான் பள்ளிக்கூட வாத்தியாரம்மா, சும்மா இருப்பேனா? மாதர் சங்க விழாவுக்கு நாடகம் எழுதினேன். திடலை விற்கும் மிராசுதாராக நானே மீசை ஒட்டிக்கொண்டேன். கடைசிக் காட்சியில் ஊர் ஜனம் திரண்டு வந்து திடலில் உட்கார வேண்டும். ஊர் ஜனமாக நடிக்க என்னிடம் இருந்ததோ சங்கத்துச் சரோஜினியும் கிருபாவும்தான்.

விழாத் தலைவர் வழக்கம்போல் லோகநாதன். விழா அந்தத் திடலிலேயே. மேடை, மைக், மடக்கு நாற்காலி எல்லாம் அவரே அனுப்பினார். கதை என்னவென்று கேட்கவில்லை. பொம்பளைகள் நாடகம்தானே என்ற இளக்காரம்!

அவரைப் போலவே நான் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்ததும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இடைவேளையில் லோகநாதன் மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"மெட்டில்டா டீச்சர் நல்லா நடிச்சாங்க. இத்தோட போதும். அல்லாரும் வூட்டுக்குப் போங்க."

"இன்னும் பாதி இருக்கு சார்" என்றேன் மீசையோடு.

"இன்னா பாதி? மேடை என்னுது, மைக் என்னுது. நீங்க குந்திகினு கீற சேர்கூட என்னுது. ஆட்டம் முடிஞ்சிபோச்சி."

மைக்கை அணைத்துவிட்டார்கள். எனக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம். அடுத்த வாரம் பத்திரப் பதிவு. இன்றைக்கு வாயை மூடினால் திடல் போனதுதான். மேடையிலிருந்து கீழே குதித்தேன்.

"உங்க மேடையும் வேணாம், மைக்கும் வேணாம். இங்கேயே நடிக்கிறோம்!"

யாரும் அசையவில்லை. முன் வரிசையிலிருந்து லோகநாதனின் மனைவி சாமுண்டீஸ்வரி எழுந்தார். போச்சு, முதல் ஆள் வீட்டுக்குக் கிளம்பியாயிற்று என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை மடக்கி, மேடைமேல் புருஷன் காலடியில் வைத்தார்.

"இந்தாங்க, உங்க சேரு."

திரும்பி வந்து திடலின் நடுவே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் திடல் முழுக்க நாற்காலி மடக்கும் சத்தம். ஒவ்வொருவராய் மேடைமேல் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். நான் தேடிய ஊர் ஜனம் கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்கு வசனமே மறந்துபோயிற்று.

மீசையை அழுத்திக்கொண்டு, கடைசிக் காட்சிக்கு வந்தேன்.

"இன்னா குந்திகினு கீறீங்க? எழுந்திருங்க! இது என் நிலம்!"

சரோஜினி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சாமுண்டீஸ்வரி முந்திக்கொண்டார்.

"எழுந்திரிக்க மாட்டோம்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மேடையில், நாற்காலிக் குவியலுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்துச் சொன்னார்.