ஓதத்துக்குப் போட்ட வட்டம்

கொத்தனார் இருபது வருஷமாகச் சிமென்டில் புரண்டவர். அவர் கை கையாகவே இருக்காது. விரல் இடுக்கெல்லாம் சிவந்து வெடித்து, கணுக்களில் பொருக்குத் தட்டிப் போயிருக்கும். "சிமென்ட் சோறும் போடும், சொறியும் போடும்" என்று சிரித்துவிட்டுப் போவார்.

மகள் பிறந்த மூன்றாம் நாள் அந்தச் சிரிப்பு செத்தது. மனைவி பிள்ளைக்குச் சட்டை மாற்றும்போது பார்த்தார். குழந்தையின் நெஞ்சில் சிவப்புத் திட்டு, நடுவே கடுகளவு வெளிறிய மொட்டு. முதுகில் இரண்டு, கன்னத்தில் ஒன்று. தன் கையைப் பார்த்தார். அதே சிவப்பு. பிறந்த அன்று, கையின் சொரசொரப்புக்குப் பயந்து தூக்காமல், அதன் உள்ளங்காலை மட்டும் ஒரே ஒரு தரம் தடவியிருந்தார். சும்மா இருந்ததா இந்தப் பாழாய்ப்போன கை! தன் சொறி பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டார். சொல்லத்தான் வாய் வரவில்லை.

"வேர்க்குரு மாதிரி இருக்கு. கொஞ்சம் இவளப் பிடிங்க, குளிச்சிட்டு வந்துடறேன்" என்றாள் மனைவி.

"தொட்டில்ல போடு."

"பொறந்ததுலேருந்து ஒரு தடவை தூக்கலையே! பொண்ணுன்னுதானே? வாயத் தொறந்து சொல்லிடுங்க, மனசு ஆறிடும்."

கொத்தனார் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். அவள் கதவை அறைந்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

சுவரில் ஓதம் அடித்தால், வெறித்துப் பார்த்து ஒன்றும் தெரியாது. ஈரத்தின் ஓரமாகப் பென்சிலால் கோடு இழுத்துவிட்டு மறுநாள் வந்து பார்க்க வேண்டும். கோட்டைத் தாண்டியிருந்தால் பூச்சை உடைத்தே ஆக வேண்டும். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். மனைவியின் கண்மைப் பென்சிலை நுனியில் பிடித்து, விரல் படாமல், கன்னத்துக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று என்று சிவப்பைச் சுற்றி வட்டம் போட்டார்.

குளித்து வந்தவள் பார்த்துவிட்டாள். "தூக்க மனசில்ல, படம் வரைய மட்டும் தெரியுதா?"

"அழிக்காத. நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் காலை, பிறந்த குழந்தைகளை வீடு தேடி வந்து பார்க்கும் நர்ஸ் வந்தாள். சட்டையைத் திறந்ததும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "யாரு இந்த ஓவியர்?"

கொத்தனார் எட்டிப் பார்த்தார். வட்டங்கள் காலி. சிவப்பு வயிற்றிலும் தொடையிலும் புதிதாக முளைத்திருந்தது.

"பரவிடுச்சு சிஸ்டர். என் கையாலதான் வந்துச்சு" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

"பரவினா வட்டத்துக்குள்ளயும் இருக்கணுமே அண்ணா? இது எடம் மாறி மாறி வந்துட்டுப் போற தடிப்பு. பாதிக் குழந்தைங்களுக்கு வரும். ஒரு வாரம், பத்து நாள்ல தானா போயிடும். மருந்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். பால் குடிக்கிறாளா? உடம்பு சுடுதா?"

"நல்லா குடிக்கிறா. சுடல" என்றாள் மனைவி.

"அப்ப பயமில்ல. காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்காம சோர்ந்தாலோ, சீழ்க் கொப்புளம் வந்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க. ஆமா, நீங்க எங்க தொட்டீங்க?"

"உள்ளங்கால்ல."

நர்ஸ் அந்தக் குட்டிக் காலைத் திருப்பிக் காட்டினாள். ஒரு புள்ளிகூட இல்லை. "இந்தத் தடிப்பு உள்ளங்காலுக்கு வராது. உங்க கைப்புண்ணும் ஒட்டுற வியாதி இல்ல, சிமென்ட் அரிச்ச அரிப்பு. தூசி போகக் கழுவிட்டுத் தூக்குங்க."

மனைவி அவரையே பார்த்தாள். "அட மனுஷா! இதச் சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்? நான் என்னென்னமோ நினைச்சு ராத்திரியெல்லாம்..." மிச்சத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

கொத்தனார் முழங்கைவரை மூன்று தரம் கழுவினார். புதுப்பூச்சில் விரல் பட்டுவிடுமோ என்பதுபோல மகளை வாங்கி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் சட்டை வெதுவெதுவென்று நனைந்தது.

"கொத்தனாரே, ஓதம் அடிக்குது. பென்சில் எடுத்து வரட்டுமா?" என்றாள் மனைவி.

"பரவட்டும் விடு" என்றார். கை நீட்டியவளிடம் மகளைக் கொடுக்கவில்லை.