கே கட்டத்தில் நாத்தனார்

சங்கரன்கோவிலில் வங்கி அட்டையின் பின்பக்கக் கட்டங்களில் ஆட்கள் குடியிருந்தார்கள். அட்டையில் பதினாறு ஆங்கில எழுத்து மட்டும் இருக்கும்; எழுத்துக்கு ஓர் எண்ணை வங்கி ஒரே முறை காதில் சொல்லும், எழுதிவைக்கக் கூடாது. பணம் கட்டும்போது வங்கி மூன்று எழுத்தைச் சொல்லி அவற்றின் எண்களைக் கேட்கும். யாருக்கும் அவை மனதில் நிற்கவில்லை. ஆகவே எழுத்துக்கு ஓர் ஆளைக் குடிவைத்துக்கொள்ளும்படி வங்கியே சொல்லிவிட்டது. ஆளை நினைத்தால் எண் தானாக வாயில் வரும்.

வளையல் கடை சண்முகவடிவு முதலில் பிரியமானவர்களைத்தான் வைத்தாள். புருஷனுடைய எண் ஒரே வாரத்தில் கரைந்துபோயிற்று. கோபம்தான் கெட்டியாக நின்றது. ஊரே இதைக் கண்டுகொண்டு, ஆகாதவர்களாகப் பார்த்துக் குடியேற்றியது. மனத்தாங்கலைப் புதுப்பித்துக்கொள்ளவும் என்று வருஷாவருஷம் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும்.

வடிவின் கே கட்டத்தில் நாத்தனார் கோமு இருந்தாள். ஒரு காதுகுத்து விருந்தில், முதல் பந்தியில் உட்கார்ந்த வடிவைச் சம்பந்தி வீட்டாருக்காக எழுப்பிவிட்டவள். சோற்றில் கைவைத்த பிறகு எழுப்பினாள், அதுதான் ஆறவில்லை. விருந்திலிருந்து வடிவு சொல்லாமல் கொள்ளாமல் போனதற்காகக் கோமுவும் தன் அட்டையில் அவளை வைத்திருந்தாள். பெரிய செலவென்றால், இருப்பதிலேயே பழைய கோபத்தின் எண்ணை வங்கி தவறாமல் கேட்கும்; இருவருக்கும் இதுதான் பழையது.

ஆடித்தபசுத் திருவிழா வியாபாரத்துக்கு வளையல் வரவழைக்க வடிவு பணம் கட்டவிருந்த அன்று, கோமு கடைக்கு வந்தாள். கனடாவில் இருக்கும் மகன் அவளை அங்கேயே வந்துவிடச் சொல்லிவிட்டானாம். இன்றே அவளுடைய அட்டையில் விமான டிக்கெட் எடுக்க வேண்டும். போக மனமில்லை; பெற்ற பிள்ளையிடம் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"மதினி, உங்க நம்பர் எனக்கு மறந்து போகணும்," என்றாள்.

சமாதானம் ஒரு பக்கமாக நடக்காது. கோமுவுக்கு மறந்தால் தனக்கும் மறக்கும், தபசுக்குக் கடை வெறிச்சென்று கிடக்கும் என்று வடிவுக்குத் தெரியும். அந்தக் கோபத்தை வேறு அவள் குத்துவிளக்கைப் போலத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள். இழக்க மனசே இல்லை. வெகுநேரம் வளையல்களை எடுத்து எடுத்து அடுக்கினாள். கோமு நின்றுகொண்டே இருந்தாள்.

பிறகு வடிவு கடையை ஒட்டிய வீட்டுக்குள் போய் இலை போட்டாள்.

"ஏட்டி கோமு, சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

கோமு அழுதுகொண்டே சாப்பிட்டாள். ரசம் ஊற்றும்போது வடிவுக்கு எண் மங்கியது. மோர் ஊற்றுவதற்குள் சுத்தமாகப் போய்விட்டது. மகன் போனில் கேட்டபோது, நம்பர் மறந்துவிட்டது என்று கோமு சத்தியமாகச் சொன்னாள். அவனும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. இருவர் மனதிலிருந்தும் வெளியேறி, இருக்க இடமில்லாத இரண்டு எண்கள் வந்து நின்றன. என்ன எண்கள் என்று இருவருக்குமே தெரியவில்லை. வடிவு இன்னும் இரண்டு இலை போட்டாள்.